ஜக்கில் குறைந்த தண்ணீர்

“கொரங்கு ஒன்னு கையில கரண்டியப் புடிச்சு, நாலு வயசுப் புள்ளைக்கு மருந்துத் தண்ணி ஊட்டி உசுரக் காப்பாத்திச்சு. நான் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்” என்று ஆட்டோக்காரர் அழகையா சொன்னபோது, கண்டி மஹய்யாவை ஆட்டோ தரிப்பிடத்தில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் ஒரு சொட்டு நம்பிக்கை வேண்டுமே.

அழகையா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. முதல் நாள் குரங்கின் கையில் கரண்டி மட்டும்தான் இருந்தது. மறுநாள் அதன் தோளில் துவாய் ஏறியது. வார முடிவில் அது பிள்ளையின் நாடி பிடித்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிவிட்டது. கதை வளர்ந்த வேகத்துக்கு, இன்னும் ஒரு மாதம் விட்டால் குரங்கு வாசலில் பெயர்ப்பலகை மாட்டி நோயாளிகளுக்கு நம்பர் கொடுத்திருக்கும்.

அழகையாவைத் தவிர அதைக் கண்டவர்களில் வளர்ந்த ஆண் ஒருவர்தான். அவர் தியாகராஜா. அவரிடம் கேட்டால், “விசர்க் கதை” என்று பைத்தியக்காரப் பேச்சாகத் தள்ளிவிட்டு, குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு படியேறிப் போய்விடுவார்.

தியாகராஜா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பதுளை ரயிலில் அவர் ஏறினால் டிக்கெட் வைத்திருப்பவனுக்கே வியர்க்கும். பிறந்த குழந்தைகூட அழுகையை நிறுத்தி, தன் வயதுக்கு டிக்கெட் தேவையில்லை என்பது போல அவரைப் பார்க்குமாம். சுரங்கத்து இருட்டில் மூச்சுச் சத்தத்தைக் கேட்டே டிக்கெட் இல்லாதவன் எந்த இருக்கையில் இருக்கிறான் என்று சொல்லுவார். அவருடைய வேதம் ஒரே வரி: டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

ஓய்வு பெற்றபோது ரயிலை விட்டாரே தவிர சந்தேகத்தை விடவில்லை. மீன்காரர், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர், தபால்காரர் எல்லோரும் அவர் கண்ணில் பயணிகள்தான். ஆனால் அவர் விட்டுவிடாமல் கவனித்து வந்த பயணி, மருமகள் நிஷாந்தினி.

அவள் மேல் பகை ஒன்றும் இல்லை. மகன் றமணன், வத்தேகமவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த அவளைக் காதலித்துக் கட்டினான். யாழ்ப்பாணத்துக்காரரான தியாகராஜா அந்தக் கல்யாணத்தை மறுக்கவும் இல்லை, வாயாரப் புகழவும் இல்லை. டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, துளை போடாமல் திருப்பிக் கொடுத்தது மாதிரி இருந்துவிட்டார். மாமனாரோடு முகத்துக்கு முகம் பேசக் கூடாது என்று அவளுக்கு வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மருமகளோடு வலியப் போய்ப் பேசுவது அவருக்கும் பழக்கம் இல்லை. முதலில் அது மரியாதையாக இருந்தது. பிறகு வழக்கமாயிற்று. வழக்கமான பிறகு அதை உடைக்க இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது.

றமணன் இருந்தால் றமணன் வழியாகப் பேசுவார்கள். பேரன் ஆரணனுக்கு வாய் வந்த பிறகு அந்த உத்தியோகம் அவனுக்குப் போயிற்று.

“தம்பி, அம்மாட்டைச் சொல்லு, தேத்தண்ணிக்குச் சீனி காணாதெண்டு.”

அம்மா கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பாள். “ஆரணன், அப்பப்பாகிட்ட சொல்லு, டாக்டர் சீனியக் கொறைக்கச் சொல்லியிருக்காங்கன்னு.”

ஆரணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். “அப்பப்பா, சீனி முடிஞ்சாம். எனக்கு பிஸ்கட் தரச் சொன்னாங்க.” கண்டி நகரத்தில் தரகு வாங்கிய மொழிபெயர்ப்பாளர்களில் அவன்தான் வயதில் குறைந்தவன்.

அந்த மொழிபெயர்ப்பாளன்தான் ஒரு திங்கட்கிழமை விடிய எழும்பி, படுக்கை, பாய், தலையணை, அப்பப்பாவின் செருப்பு எல்லாவற்றின் மீதும் வாந்தியெடுத்தான். பிறகு வயிற்றாலும் போகத் தொடங்கியது. றமணன் பயிற்சி ஒன்றுக்காகக் கொழும்பு போயிருந்தான்.

டிஸ்பென்சரியில் டாக்டர் அம்மா பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “நேர்சரிப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இருக்கு. வைரஸ்தான்” என்றார். தியாகராஜா அதை நம்பவில்லை. டாக்டர் அதைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வத்தேகமவில் நிஷாந்தினியின் தம்பி ரமேஸ் வாங்கிக் கொடுத்த ஐஸ்பழத்தின் மேல்தான் தியாகராஜாவுக்குக் கண். நிஷாந்தினிக்கோ, மாமனார் பேரனை வாவிப் பக்கம் உலாத்தக் கூட்டிப் போனபோது வாங்கிக் கொடுத்திருக்கக்கூடிய அன்னாசி அச்சாற்றின் மேல் கண்.

டாக்டர் ஜீவனி என்ற உப்புச்சர்க்கரைப் பவுடர்ப் பைக்கற்றுகளை நீட்டினார். “ஒரு பைக்கற்றைக் கொதிச்சு ஆறின தண்ணியில ஒரு லீற்றர் அளந்து கரையுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். கரண்டி கரண்டியாக் குடுங்க. வாந்தி எடுத்தா கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் குடுங்க. சாப்பாட்டை நிறுத்த வேணாம். பின்னேரத்துக்குள்ள ஒண்ணுக்குப் போகல்ல, கண் உள்ளுக்குப் போயிருக்கு, சோர்ந்து தூங்கிட்டே இருக்கான் எண்டா, யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.” பிறகு இரண்டு பேரையும் பார்த்தார். “ரெண்டு பேரும் மாறி மாறிக் குடுங்க.”

இரண்டு பேரும் தலையாட்டினார்கள், தனித்தனியாக.

வீட்டுக்கு வந்து நிஷாந்தினி தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, அளந்து, பவுடரைக் கரைத்து, ஊற்றுவாய் வைத்த மூடி போட்ட பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றிக் குசினி மேசையில் ஜன்னலோரம் வைத்தாள். முதல் கரண்டி ஆரணனின் வாய்க்குள் போன வேகத்தில் திரும்பி வந்தது. எதிர்ச்சுவரில் தொங்கிய கலண்டரில் பட்டு, அந்த மாதத்தை மட்டுமல்ல, அடுத்த இரண்டு மாதங்களையும் நனைத்தது.

“உப்பு” என்று சொல்லிவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான். அந்த வாயைத் திறக்க ரயில்வே இரும்புக்கம்பியும் போதாது.

நிஷாந்தினி நாறிக் கிடந்த படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனாள். தன் முறை வந்துவிட்டது என்று தியாகராஜா கரண்டியோடு பேரனிடம் போனார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாம் என்று குசினிக்குப் போனவர், ஜக்கைப் பார்த்து நின்றார். தண்ணீர் குறைந்திருந்தது.

‘பரவாயில்லை, கெட்டிக்காரிதான். எப்படியோ பருக்கிப் போட்டாள்’ என்று நினைத்தார். பிள்ளையை எழுப்பாமல் விட்டார்.

நிஷாந்தினி துணி அலம்பிவிட்டு வந்து ஜக்கைப் பார்த்தாள். இன்னும் குறைந்திருந்தது. ‘மாமா எப்படியோ குடிக்க வச்சிட்டார்’ என்று அவளும் பிள்ளையைத் தூங்க விட்டாள்.

ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்பதற்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

வெயில் ஏற ஏற, நல்லெண்ணம் பழைய சந்தேகமாக மாறியது. ஒரு கரண்டியைக் கலண்டருக்குத் துப்பிய பயல், இவளுடைய கையால் மட்டும் எப்படிக் குடித்தான்? தியாகராஜா கழுவுதொட்டிக்குள் தலையைக் குனிந்து மணந்து பார்த்தார். ஊற்றிவிட்டு, தோட்டத்துப் பழக்கத்தில் பிள்ளைக்கு வெறும் தேத்தண்ணி கொடுக்கிறாளோ? அவர் வெளியே வந்ததும் நிஷாந்தினி அவருடைய அறைக்குள் எட்டிப் பார்த்தாள். மருந்தைக் கொட்டிவிட்டு, தான் வயிற்றுக் கோளாறுக்குக் குடிக்கிற இஞ்சிச் சோடாவைப் பிள்ளைக்கும் பருக்குகிறாரோ?

தியாகராஜா ஜக்கில் தண்ணீர் நின்ற மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு அவர் குசினிக்கு வந்தபோது, அதே ஜக்கில் ஒரு சிவப்பு ரப்பர் பட்டி மாட்டியிருந்தது.

அவர் திகைத்துப்போனார். அவரையே சந்தேகப்படுகிறாள். முப்பது வருஷம் நாடு முழுக்கச் சந்தேகப்பட்ட மனுஷனை, அவருடைய சொந்தக் குசினியிலேயே. கோபத்தோடு கொஞ்சம் மரியாதையும் வந்தது.

அதற்குப் பிறகு அந்த ஜக்குக்கு இருந்த காவல், எந்த நாட்டு அரண்மனைக் கிரீடத்துக்கும் இருந்திருக்காது. தியாகராஜா முன்னறையில் சாய்மனைக் கதிரையில் படுத்து, முகத்தில் பத்திரிகையைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார். பத்திரிகையில் கண்ணுக்கு நேரே ஒரு துளை. அதன் வழியாக மருமகளைப் பார்த்தார். நிஷாந்தினி கொடியில் விரித்த துணிக்குப் பின்னால் நின்றுகொண்டு, காற்று தூக்கும்போதெல்லாம் மாமனாரைப் பார்த்தாள். ஒரு தடவை இருவர் கண்ணும் சந்தித்தன. இருவரும் ஒரே நேரத்தில் வேறெங்கோ பார்த்தார்கள். ‘ஆ, டிக்கெட் இல்லை’ என்று தியாகராஜா மனதுக்குள் குறித்துக்கொண்டார். தானும் வேறெங்கோ பார்த்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்படி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததில், குசினி ஜன்னலைப் பார்க்க ஆள் இல்லை.

பின்னேர வெயில் சுவரில் இறங்கியபோது ஆரணன் முனகினான். தியாகராஜா பத்திரிகையை எறிந்துவிட்டு ஓடினார். பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. அழுவதற்கு முகத்தைச் சுளித்தான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

“தம்பி, ஒண்ணுக்குப் போனனியோ?”

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

“அம்மா எவ்வளவு தண்ணி தந்தவ?”

கண் மூடிக்கொண்டது. கண்ணிமைக்குக் கீழே பள்ளம் விழுந்திருந்தது. தியாகராஜா குசினி வாசலில் நின்று ஜக்கைப் பார்த்தார். பாதிக்கு மேல் காலி. ஜக்கில் தண்ணீர் இல்லை, பிள்ளையிலும் தண்ணீர் இல்லை. அவர் வாழ்நாளில் பிடித்த அத்தனை திருட்டுகளிலும் இப்படிக் கணக்கு உதைத்ததில்லை.

பின்வாசலுக்குப் போனார். தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை.”

நிஷாந்தினி தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

“உம்மைத்தான். நீர் இவனுக்கு எவ்வளவு குடுத்தனீர்?”

ஐந்து வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தைகள். கொடியில் நின்ற காகம்கூடக் கரைவதை நிறுத்திவிட்டது.

“நானா? நான் காலையில குடுத்தது ஒரு கரண்டி. அதையும் துப்பிட்டான். நீங்கதானே மாமா குடுத்தீங்க?”

“நான் ஒரு சொட்டும் குடுக்கேல்லை. நீர் குடுத்தனீர் எண்டெல்லோ நினைச்சனான்.”

“அப்ப காலையிலருந்து அவனுக்கு…”

அவள் கையிலிருந்த துணி மண்ணில் விழுந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மறு கையால் அழகையாவுக்குப் போன் அடித்தாள். “அண்ணே, ஆட்டோவ எடுத்துட்டு ஒடனே வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அப்போதுதான் குசினியில் மூடி விழுந்து உருளும் சத்தம் கேட்டு இருவரும் அங்கே ஓடினார்கள்.

மேசை மேல், காலை அகட்டி, வீட்டுத் தலைவன் மாதிரி உட்கார்ந்திருந்தது ஒற்றைக்காதன். மஹய்யாவையில் அந்தக் கிழட்டுக் குரங்கைத் தெரியாதவர்கள் இல்லை. மல்லிகைப்பூ மாலையையும் தின்னும், மாலை போட்டிருந்த படத்தையும் தூக்கிக்கொண்டு போகும். இரண்டு கையாலும் ஜக்கைப் பிடித்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தது. மணிக்கட்டில் சிவப்பு ரப்பர் பட்டியை வளையல் போல மாட்டியிருந்தது. தியாகராஜாவைக் கண்டதும், சத்தியமாக, அது ஜன்னலுக்கு வெளியே பார்த்தது.

நிஷாந்தினியின் தோளில் கிடந்த தலை மெல்ல நிமிர்ந்தது.

“அது ஏண்ட தண்ணி” என்றான் ஆரணன்.

காலையிலிருந்து யார் கெஞ்சியும் வேண்டாம் என்ற தண்ணீர்தான். இன்னொருவன் குடிக்கிறான் என்றதும் அது அவனுடையதாகிவிட்டது. ஒற்றைக்காதன் ஜக்கோடு ஜன்னலால் பாய்ந்து, எதிர்மதிலில் குந்திக்கொண்டு அடுத்த மிடறைக் குடித்தது.

“ஏண்ட தண்ணிய எனக்குத் தா” என்று கேட்டு, கண்ணீர் இல்லாமல் அழுதான்.

“அது எச்சி, சாமி. அம்மா புதுசாக் கரைச்சுத் தர்றேன்.” நிஷாந்தினி பிள்ளையை மாமனாரின் மடியில் வைத்தாள். கொதித்து ஆறிய தண்ணீர் கேத்தலில் மிச்சம் இருந்தது. அவசரத்திலும் அளவு பிசகவில்லை. வேறொரு பாத்திரத்தில் லீற்றரை அளந்து இன்னொரு பைக்கற்றைக் கரைத்தாள். “மாமா, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. அவசரப்படுத்தாதீங்க.”

“ஓம் பிள்ளை.”

மதிலில் குரங்கு ஜக்கை உயர்த்தியது. அதை முறைத்துப் பார்த்தபடியே ஆரணன் வாயைத் திறந்தான். தியாகராஜா கரண்டியைச் சரித்தார். உள்ளே போயிற்று. குரங்கு குடித்தது, அவன் வாயைத் திறந்தான். குரங்கு ஜக்கை இறக்கிச் சொறிந்துகொண்டது, அவன் மூடிக்கொண்டான். கரண்டிக்குக் கரண்டி, மிடறுக்கு மிடறு. இடையில் ஒரு தடவை வாந்தி வந்து தியாகராஜாவின் சாரத்தை நனைத்தது. கொஞ்ச நேரம் பொறுத்தார்கள். ஒற்றைக்காதனும், மரியாதை தெரிந்த குரங்கு, ஜக்கைக் கீழே வைத்துவிட்டுப் பொறுத்தது. பிறகு போட்டி மறுபடி தொடங்கியது.

அழகையா ஆட்டோச் சாவியைக் கையில் பிடித்தபடி குசினி வாசலுக்கு வந்தது அந்த நேரத்தில்தான். அவர் நின்ற இடத்திலிருந்து தியாகராஜாவை அலுமாரி மறைத்திருந்தது. தெரிந்ததெல்லாம் குரங்கு, ஜக்கு, குரங்கைப் பார்த்து வாயைத் திறக்கும் பிள்ளை, எங்கிருந்தோ வரும் கரண்டி.

“அண்ணே, ஆட்டோவத் திருப்பி வச்சிட்டு இருங்க. அவன் இப்பத்தான் குடிக்கிறான். இருட்டுறதுக்குள்ள ஒண்ணுக்குப் போகாட்டி ஒடனே கெளம்பிறணும்” என்றாள் நிஷாந்தினி.

அழகையா வாயை மூடவும் மறந்து தலையாட்டினார்.

அதன் பிறகுதான் பாடு. மூன்று பெரியவர்கள் ஒரு சின்னக் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். தியாகராஜா எதையும் நம்பவில்லை. உதட்டில் ஈரம் வந்தபோது அது தண்ணீர் பட்ட ஈரம் என்றார். பிள்ளை “வாழப்பழம் வேணும்” என்று கேட்டபோது அது வெறும் ஆசை என்றார். மடியில் கிடந்த பிள்ளையின் மேல் வைத்திருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. வெயில் மதிலை விட்டு இறங்கியபோது ஆட்டோவை இயக்கச் சொல்ல எழுந்தார்.

“அப்பப்பா, மூத்திரம் வருது” என்றான் ஆரணன்.

பொல்கொல்லை அணைக்கட்டில் எல்லாக் கதவுகளையும் ஒரேயடியாகத் திறந்தாலும் அப்படி ஒரு வெள்ளம் வராது. மகாவலி ஆறு அன்று மஹய்யாவை வழியாகத் திரும்பிப் போனது என்று அழகையா சொல்வதில் பெரிய தவறில்லை. நிஷாந்தினி நிலத்தில் உட்கார்ந்து சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தியாகராஜா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், வெகுநேரம்.

ஒற்றைக்காதன் ஜக்கைத் திருப்பித் தரவே இல்லை.

அன்றிரவு கஞ்சி கரைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தரம் வயிற்றால் போன பிறகும் அளந்து கரைத்த தண்ணீரும் கொடுத்தார்கள். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். வீட்டில் மாமனாரும் மருமகளும் இப்போது நேராகவே பேசினார்கள். ஆரணனுக்கு வேலை போயிற்று, பிஸ்கட்டும் குறைந்தது.

ஆனால் ஆட்டோ தரிப்பிடத்தில் மட்டும் தியாகராஜா அசையவில்லை. குரங்கை ஒப்புக்கொண்டால் மற்றதையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு பெரியவர்கள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்காததால் பிள்ளை காய்ந்து கிடந்தது என்று சொல்ல வேண்டுமே. “விசர்க் கதை. பிள்ளைக்குத் தாகம், குடிச்சவன். குரங்குக்கும் அதுக்கும் என்ன?” என்பார். தனக்குத்தானேயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் ரிஸ்கான் தரிப்பிடத்துக்கு ஓடி வந்தார். கெலிஓயாவிலிருந்து வந்து மூலையில் சில்லறைக்கடை வைத்திருப்பவர்.

“ஐயா, எங்கட புள்ளைக்கும் அதே வருத்தம். ஜீவனி கரச்சு வெச்சிருக்கி. வாயத் தொறக்குதில்ல. புள்ளட உம்மா அழுதுட்டு நிக்கிறா. அழகையா அண்ணன் சொல்ற கத மெய்யா? பக்கத்துல ஒருத்தர் குடிச்சுக் காட்டினா புள்ள குடிக்குமா?”

தரிப்பிடத்தில் எல்லோரும் தியாகராஜாவைப் பார்த்தார்கள். அழகையா அதிசயமாக வாயை மூடிக்கொண்டிருந்தார். தியாகராஜா ரோட்டைப் பார்த்தார்.

நேர்சரியிலிருந்து ஆரணனைக் கூட்டிக்கொண்டு வந்த நிஷாந்தினி அங்கே நின்றிருந்தாள். “மாமா, ரோட்டப் பாக்காதீங்க” என்றாள்.

தியாகராஜா திரும்பினார். குடையைக் கீழே ஊன்றினார்.

“வீட்டை போய், பிள்ளைக்கு முன்னாலை இருந்து நீரும் ஒரு கோப்பையிலை குடியும். ஆர் எவ்வளவு குடுத்தது எண்டு மனிசியிட்டை வாய் திறந்து கேளும், எங்களைப் போலை இருக்காமல். பின்னேரத்துக்குள்ளை ஒண்ணுக்குப் போகாட்டி அழகையான்ரை ஆட்டோ நிக்குது.”

“அப்ப அந்தக் கொரங்கு, ஐயா?”

“ஓம், நடந்ததுதான்” என்றார் தியாகராஜா. “கரண்டி பிடிச்சது மட்டும் நான்.”